முப்பத்தெட்டு வீடு

நகராட்சி அலுவலகத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த துப்புரவுக்காரியை எழுத்தர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். ரப்பர் குழாயைப் பூச்செடி வேரில் போட்டுவிட்டு ஓடினாள். அந்தத் தண்ணீரில் ஒரு குடம்கூட வெளிக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு.

"அக்கா, உங்க பகுதியில மொத்தம் எத்தனை வீடு?"

இருபது வருஷமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான். "முப்பத்தெட்டு சார்."

"ஃபைல்லயும் அதான் இருக்கு. நூறு வீடு இருந்தாத்தான் குடிநீர்க் குழாய்க்கு மனு போட முடியும். இன்னிக்கு அஞ்சு மணியோட சரி." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.

அந்த அலுவலகத்தில் மனு தயாரிக்கத் தெரிந்த ஆளே இருந்ததில்லை. நாலு ஊருக்கு ஒரே பொறியாளர். வாரம் ஒருநாள் எட்டிப்பார்ப்பதால் அவருக்கு 'வியாழக்கிழமை' என்றே பெயர். திட்டம் வரும், எழுதி அனுப்ப ஆளில்லாமல் அப்படியே திரும்பிப் போகும். இந்த வருஷம்தான் எழுத்தரைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அளவெடுக்கவும் வரைபடம் போடவும் கற்றுக்கொண்டு வந்த மனிதர், முதல் வேலையாக அவள் குடியிருப்பின் ஃபைலைத்தான் தூசி தட்டினார்.

அதைக் கெடுத்து வைத்தவளோ அவளேதான். வீடு எண்ண யாராவது கிளம்பினால் அலுவலகத்தில் அவள் காதில்தான் முதலில் விழும். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள்: "அளக்க வராங்க!" உடனே குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நடுவே மறைத்திருக்கும் தட்டிகளைக் கழற்றிவிடுவார்கள். மூன்று குடும்பம் ஒரே குடும்பமாகிவிடும். நிறைய வீடு இருந்தால்தானே இடிக்கத் தோன்றும்? ஒருமுறை இடித்ததை அவள் கண்ணால் பார்த்தவள்.

ஆனால் நேற்று அவள் மகள், ஏழு மாத வயிற்றோடு ரயில் பாதை தாண்டிக் கிணற்றுக்குப் போனவள், குடத்தோடு ஜல்லியில் சறுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொரு தடவை விழுந்தால்?

"சார், நான் பொய் சொல்லிட்டேன். நூறுக்கு மேல இருக்கு."

"அட அக்கா! இருபது வருஷமாவா?"

"எங்கள எண்ண வந்தவன் எவனும் நல்லதுக்கு வந்ததில்ல சார்."

"நான் வந்தா கதவைத் திறப்பாங்களா?"

"உங்களுக்குத் திறக்க மாட்டாங்க. எனக்குத் திறப்பாங்க. வாங்க."

அளவு நாடாவைக் கண்டதும் முதல் வரிசை இஸ்திரிக்காரி கதவைச் சாத்தப் போனாள். "நீயே கூட்டிட்டு வந்துட்டியா? உன் புத்தி என்ன புல்லு மேயப் போயிடுச்சா?"

"முதல்ல என் வீட்ட எழுதுங்க சார்," என்று துப்புரவுக்காரி தெருவுக்கே கேட்கச் சொன்னாள். "ஒண்ணுன்னு சொன்னேன், ரெண்டு. தட்டிக்கு அந்தப் பக்கம் என் மக குடும்பம். இடிச்சா என் வீட்டத்தான் முதல்ல இடிக்கட்டும்."

மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இஸ்திரிக்காரி அவளைப் பார்த்தாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். "என்னோடது மூணு. எழுதித் தொலைங்க."

அதற்கப்புறம் கதவுகள் மடமடவென்று திறந்தன. நூற்றுப் பன்னிரண்டு! ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனு போய்ச் சேர்ந்தது. போன உயிர் அப்போதுதான் அவளுக்குத் திரும்பி வந்தது.

ஐந்தாவது வாரம் அனுமதி கிடைத்தது. இடிக்க யாரும் வரவில்லை. 'வியாழக்கிழமை' ஒரு திங்கட்கிழமை வந்து இறங்கியதே அதிசயம். தோட்டக் குழாயடியில் ஒரு முளையை அடித்து, அங்கிருந்து நாடாவை இழுத்தார்.

"இங்கேருந்தா சார் எங்களுக்கு வருது?"

"ஆமாம்மா, பெரிய குழாய் இதுக்குக் கீழதான் போகுது. உங்க தெருவுக்கு முன்னூறு அடி. நாலு நாள் வேலை."

நாலே நாளில் முடிந்தது. தெருமுனைக் குழாயில் தண்ணீர் பீறிட்டபோது மகள் ரெண்டு கையாலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இஸ்திரிக்காரி குடத்தோடு முண்டியடித்து வந்தாள். துப்புரவுக்காரி நிம்மதியில் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை தோட்டக் குழாயை எப்போதும்போல் திறந்து பாத்தியில் விட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, கேட்டைத் தாண்டி, புதிதாக மூடிய மண்மேலேயே நடந்து போனாள். அந்த முன்னூறு அடியும் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தபோது, அந்தப் பாத்தி இன்னும் பாதிகூட நிறைந்திருக்கவில்லை.