வேடியப்பன் இல்லாத கல்

அடி அண்ணாமலையில் அப்பாதுரையின் கடலைக்காட்டு ஓரம் நின்ற நடுகல் சாமி வேடியப்பன், போன வருஷம் தை மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, கல்லை விட்டுக் காகிதத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கு வெயில் சுமார்தான். ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள், நடந்தது இவ்வளவே. அப்பாதுரையின் மகள் தமிழ்செல்வி, கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள், அந்த நடுகல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி அழுத்தி, மை ஒற்றிப் படியெடுத்தாள். காய்ந்ததும் உரித்தாள். வில்லும் குறுவாளும், மார்பில் தைத்த மூன்று அம்பும், பின்னால் நின்ற இரண்டு மாடும், தலைக்கு மேலிருந்த வட்டெழுத்து வரிகளும் காகிதத்தோடு வந்துவிட்டன. கல் துவைக்கிற கல் மாதிரி மொழுக்கென்று நின்றது.

பாவம், அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ரோட்டை அகலப்படுத்த அளவுக்கல் நட்டிருந்தார்கள். வேடியப்பன் நின்ற இடம் ரோட்டுக்குள் வந்தது. பல்லவர் காலத்துக் கல் என்று பதிவானால் ரோடு ஒதுங்கிப் போகும், இல்லாவிட்டால் ஜேசிபி வரும். தப்பு நடந்தது வேறு இடத்தில். அந்தக் குடும்பத்தில் யார் கல்லைக் கழுவுவதானாலும் முன்னால் நின்று, இன்னார் வந்திருக்கிறேன், இன்னதுக்காகத் தொடப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செங்கம் பக்கத்து ஊர்களில் ஐம்பது கல்லைப் படியெடுத்தவள் அவள். அங்கெல்லாம் ஊராரைக் கேட்டு, சாமியைக் கேட்டு, அப்புறம்தான் தண்ணீரே ஊற்றினாள். இங்கே, நம்ம சாமிதானே என்று விட்டுவிட்டாள்.

அப்பாதுரை வந்து கல்லைத் தடவிப் பார்த்தார். "சொல்லாமலா தொட்ட?" என்றார். "மறந்துட்டேன்பா" என்றாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே அவள் காகிதத்தைத் திரும்ப ஒட்டிப் பார்த்திருக்கலாம். முதலில் பதிவு ஆகட்டும், பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று அன்று மதியமே வேங்கிக்காலில் பழங்கல்லைப் பதிவு செய்கிற ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்கள் அதைச் சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். "அசலோட ஒப்பிட்டுப் பார்த்தாதான் மேடம் பைல் நகரும்" என்றார் ஓர் அதிகாரி. அசலில் ஒன்றும் இல்லை. ஆகவே பைலும் நகரவில்லை, காகிதமும் திரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் அப்பாதுரையின் நான்கு மாடுகளும் ஒரு கன்றும் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பின. கிரிவலப் பாதையில், ஜனங்கள் வலம் போகும் திசையிலேயே போய், வேங்கிக்கால் அலுவலகத்தில் பீரோ இருந்த அறை ஜன்னலைப் பார்த்தபடி நின்றன. தினமும் இதே கதை. காவலாளி வல்லரசு நாலு நாள் ஆச்சரியப்பட்டார், ஐந்தாம் நாளிலிருந்து தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போன் போட்டார்: "பெரியவரே, மாடுங்க ட்யூட்டிக்கு வந்துடுச்சுங்க." அப்பாதுரை போய் ஓட்டிக்கொண்டு வருவார். மாசியும் பங்குனியும் சித்திரையும் வைகாசியும் இப்படியே போயின. பால் கம்மியானது, அவருக்கு முட்டி வீங்கியது. தமிழ்செல்வி ஸ்கூட்டியில் பின்னாலேயே போய், "நான் ஓட்டிட்டு வரேன்பா, நீங்க பஸ்ல போங்க" என்று கெஞ்சுவாள். மாட்டோடு பேசிக்கொண்டே நடப்பாரே தவிர அவள் பக்கம் திரும்ப மாட்டார். ரோடு எக்கேடு கெட்டால் என்ன, ஒரே ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுவாள்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணிக்கு, வேலூர் ரோட்டில் கன்று குறுக்கே ஓடியது. அப்பாதுரை அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். லாரி அவர்மேல் ஏறியது. மாடுகள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் தாமாகவே வீட்டுக்கு வந்தன. அன்றிலிருந்து அவை எங்கும் போகவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கல்லில் அப்பாதுரை நின்றிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு, கையில் கோல், காலடியில் கன்று. மார்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லாரி. ஜேசிபிக்காரர் வந்து பார்த்து, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். காரியத்தன்று பொட்டை அழிக்க வந்த பெண்களை அவர் மனைவி ராஜம்மாள் விடவில்லை. "என் வூட்டுக்காரரு இங்கியேதான நிக்கிறாரு, நான் என்னாத்துக்கு அழிக்கணும்?" என்றாள். அதில் நியாயம் இருந்ததால் அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

தமிழ்செல்வி மட்டும் ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. கல்லிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாரோ என்று பயம். ஆடிச் செவ்வாயன்று அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தலைக்கு மேல் இரண்டு வரி வெட்டியிருந்தது, இன்றைய தமிழ் எழுத்திலேயே. ராஜம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மற்றவர்கள் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். பழைய நடுகற்களில் செத்தவன் பேர் முதலில் வராது என்பது தமிழ்செல்விக்குத் தெரியும்; அவன் யாருடைய ஆள் என்பதுதான் முதலில் வரும், ராஜாவோ தலைவனோ, அவன் பெருமையாக நினைத்த யாரோ ஒருவர்.

'தமிழ்செல்வி அப்பன் அப்பாதுரை மாடு மீட்டுப் பட்டான்' என்று இருந்தது.

அவள் அதை மூன்று தரம் படித்தாள். "அழுவாதடி, கல்லுல ஊத்தின எண்ணெய் காயுது, தடவு" என்றாள் ராஜம்மாள். தமிழ்செல்வி அப்பாவின் நெற்றியிலிருந்து தொடங்கித் தடவினாள்.