எட்கர் போக்காக்கைத் தூக்கிய ரோஜா

1921 ஜூன் ஆறாம் தேதி, திங்கள்கிழமை காலை, வினிஃப்ரெட் போக்காக்கின் ரோஜாக்கொடி அவள் கணவன் எட்கரைக் கட்டிலோடு மாடி ஜன்னல் வழியே வெளியே எடுத்துப் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தின் உச்சியில் வைத்தது. கட்டில் ஜன்னலைவிட ஒரு முழம் அகலம். ஆனாலும் கண்ணாடி உடையவில்லை, போர்வையில் ஒரு முள் கீறல்கூட இல்லை.

போர் முடிந்து பிரான்சிலிருந்து வந்த நாள் முதல் எட்கர் படுக்கையை விட்டு எழுந்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. உடம்பில் குறை ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டு மருத்துவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அவன் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று வினிஃப்ரெட் ஜன்னலுக்குக் கீழே, 1919 நவம்பரில், ஒரு வெள்ளைக் கொடிரோஜாவை நட்டாள். அந்த ஜாதிக்கு ஒரு தோப்பே போதாது, இந்தச் சுவர் எந்த மூலைக்கு என்றார் பக்கத்து வீட்டு சைலஸ். அவள் இரண்டு கூடை குதிரைச் சாணம் போட்டாள். கிளை நறுக்கும் கவாத்துக் கத்தியைத் தொடவே இல்லை. முதல் கோடையிலேயே கொடி கூரை ஏறியது. அடுத்த வசந்தத்தில் புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் வந்து கட்டில் காலைப் பிடித்தது. அதையும் அவள் அவிழ்க்கவில்லை. பிடிமானம் தேடுகிற எதையும் அவள் விரட்டுவதில்லை.

அந்தத் திங்கள்கிழமை சைலஸ் ரம்பத்தோடு வந்துவிட்டார்.

"என்னம்மா வினி, புருஷனைக் காயப் போட்டிருக்கியா?"

"ரெண்டரை வருஷமா ஈரமாவே கெடந்தாரு. காயட்டும்."

அடித்தண்டை அறுத்தால் கொடி தளர்ந்து அவன் மெதுவாக இறங்கிவிடுவான் என்று அவர் வாதாடினார். முப்பதடி உயரத்திலிருந்து மெதுவாக விழுந்தவனை நான் பார்த்ததில்லை என்று சொல்லி, அவள் தண்டின் முன்னால் போய் நின்றுகொண்டாள். சைலஸ் அவளைச் சுற்றிக்கொண்டு போய் ரம்பத்தைத் தண்டில் வைத்தபோது, மேலே பூக்களுக்கு நடுவே எட்கர் எழுந்து உட்கார்ந்தான்.

"சைலஸு, ஒம் பன்னி எங்க முட்டைக்கோசத் தின்னுக்கிட்டிருக்கு."

சைலஸ் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார். வினிஃப்ரெட் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, கொடியைப் பிடித்து மேலே ஏறினாள்.

மறு வாரம் ஹெர்ஃபோர்டு நகரத்திலிருந்து மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் வீட்டில் எத்தனை அறை என்று கேட்டார். வீட்டில் மூன்று, ரோஜாவில் ஒன்று என்று வினிஃப்ரெட் மேலேயிருந்தே பதில் சொன்னாள். அவர் நான்கு என்று எழுதிக்கொண்டார். பிறகு, குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும், ஏணி இருக்கிறதா என்று கேட்டார்.