காவடி நுழையாத வாசல்

“அந்த முன்சுவரை இடிக்கணும் சார். மேல இருக்கிற கூரையையும்தான்.”

அம்சா சொல்லிவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பொறியாளர் சாமிநாதன், மென்றுகொண்டிருந்த வெற்றிலையை அப்படியே கன்னத்தில் ஒதுக்கினார். தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது.

அந்த அரசு அலுவலகத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த புதிதிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் கட்டடப் படம் வரைகிற நூர் முஹம்மது பாய். லீவு கேள், உட்கார நல்ல நாற்காலி கேள், பெண்களுக்குக் கக்கூஸ் கேள். திட்டுவார்கள், ஆனால் என்றைக்காவது கொடுப்பார்கள். மெட்ராசிலிருந்து வந்த மாதிரிப் படத்தை மாற்றச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காதே. அதில் கை வைத்த யாரும் இந்த ஊரில் நிலைத்ததில்லை.

அம்சா நெசவுத் தெருவிலிருந்து படித்து வந்த முதல் பட்டதாரி. இன்ஜினீயரிங் பட்டத்தோடு தெருவுக்குள் நுழைந்தபோது தறிச்சத்தம் நின்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். படித்த படிப்புக்கு முதல் வேலையாக அவளுக்குக் கிடைத்தது, திருத்தணி மலையடிவாரத்தில் எழும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர் கூடத்தை மேற்பார்வை பார்ப்பது. பஸ்ஸை விட்டு இறங்குகிற கூட்டம் முழுக்க அந்தக் கூடத்துக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியேறித்தான் மலைப்படிக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பியாகிவிட்டது. வேறு வழி கிடையாது.

முதல் நாளே அவள் கூடத்தை உள்ளும் வெளியுமாக நடந்து பார்த்தாள். ஒரே ஒரு குறுகலான வாசல், அதில் மடக்கு இரும்புக் கதவு. தலைக்கு எட்டாத உயரத்தில் சின்னச் சின்னக் கம்பி ஜன்னல்கள். வாசலுக்கு மேலே கையால் தொடுகிற உயரத்தில் ஒரு கான்கிரீட் பலகை. உள்ளே நின்றால் மலை தெரியவில்லை. மலையைப் பார்க்க வந்தவன் மலையையே பார்க்க முடியாத கூடம் அது.

பாயிடம் போய்க் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, மறைக்காமல் சொன்னார். மாதிரிப் படம் உரக் கிடங்குக்குப் போட்டது. பத்து ஊரில் கட்டியாகிவிட்டது, எங்கேயும் தணிக்கையில் கேள்வி வந்ததில்லை. அதனால் இங்கேயும் அதையே போடச் சொல்லி உத்தரவு. “தலைப்பை மட்டும் பிளேடால சுரண்டிட்டு ‘யாத்ரீகர் கூடம்’னு எழுதினேம்மா. இந்தக் கைதான்.”

மூட்டையை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே விடுவதற்காக வைத்த வாசல். திருடன் ஏறாமலிருக்க வைத்த ஜன்னல். அதில் ஆடிக் கிருத்திகைக்கு வருகிற ஜனத்தை விடப் போகிறார்கள்.

அம்சா வீட்டில் உட்கார்ந்து வேறொரு படம் போட்டாள். சுவரே இல்லாமல், இந்த மலைக் கல்லிலேயே உயரமான தூண்கள். மலையை நோக்கி எழும்புகிற கூரை. எங்கே நின்றாலும் கோபுரம் கண்ணில் படும். சரவணப் பொய்கையில் முழுகி ஈரத்தோடு வருகிற பெண்கள் துணி மாற்ற ஒரு மறைவிடம். சாமிநாதன் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கிறது என்றார். சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆனிக் கிருத்திகைக்கு, பூச்சு வேலை முடிவதற்குள்ளேயே கூடத்தைத் திறந்து விட்டுப் பார்த்தார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரே ஒரு பஸ் கூட்டம். முன்னால் வந்தவர் தோளில் புஷ்பக் காவடி. வாசலில் வந்ததும் நின்றார். காவடியின் வளைவு இரண்டு பக்கமும் நிலையில் இடித்தது. உச்சி மேல் பலகையில் முட்டியது. மலைக்குப் போகிற காவடியை வழியில் தரையில் இறக்கக் கூடாது. அவர் இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். முன்னால் ஏன் நின்றார்கள் என்று தெரியாமல் பின்னால் இருந்தவர்கள் அரோகரா போட்டுக்கொண்டு நெருக்கினார்கள். ஒரு பெண்ணின் கை மடக்குக் கதவின் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. அவள் கத்தியது உற்சாகக் கூச்சலென்று நினைத்து இன்னும் நெருக்கினார்கள்.

அன்றைக்குப் போனது கண்ணாடி வளையலும் கொஞ்சம் ரத்தமும்தான். பச்சை வளையல் துண்டு ஒன்று கதவின் தடத்தில் இன்னமும் கிடந்தது. கதவை இழுக்கும்போதெல்லாம் அது நறநறத்தது. வந்தது ஒரு பஸ் கூட்டம். ஆடிக் கிருத்திகைக்கு சித்தூர் பக்கமிருந்தும் ஆர்க்காட்டுப் பக்கமிருந்தும் ரயிலிலும் லாரியிலுமாக வந்து கொட்டுமே, அதை நினைத்தால் அம்சாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அலுவலகம் சும்மா இருக்கவில்லை. ஒரு போர்டு எழுதி மாட்டியது: ‘காவடிகளைச் சாய்த்து எடுத்துச் செல்லவும்.’

அந்தப் போர்டைப் படித்துவிட்டு வந்து அவளுடைய அப்பா சிங்காரம் வாய்விட்டுச் சிரித்தார். “சாய்ச்சு எடுத்துக்கினு போறதுக்கு அது இன்னா ஏணியா?” அவரும் இந்த ஆடிக்குக் காவடி எடுக்கிறார். வீட்டுக்குள் மூங்கிலை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அம்சா டேப்பை எடுத்து அளந்தாள். வாசலைவிட ஒரு முழம் அகலம்.

“காவடிக்கு டேப்பு புடிச்சவ நீ ஒருத்திதான்,” என்றார்.

“இந்த வருஷம் வேணாம் நைனா. சின்னதாவாவது கட்டு.”

சிங்காரம் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். “உனக்கு வேலை கெடைச்சா இந்த அளவுக்குக் காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கினேன். கெடைச்சுது. இப்ப உன் வேலையே வழியை மறிச்சுக்கினு நின்னா எப்படிம்மா?”

அன்று விளக்கணைத்த பின்னும் அவள் அந்த மூங்கில் வளைவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் கூடத்தைப் பார்வையிடக் கலெக்டர் வருவதாக அலுவலகத்தில் பேச்சு இருந்தது. விடிந்ததும் நைனாவிடம் ஒன்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, பூஜை போடாத வரைக்கும் அது வெறும் மூங்கில்தானே, எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். பிறகு தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

அதன் பிறகு, சாயங்காலம் நெருங்கும்போதுதான் அவள் அலுவலகத்துக்குக் கிளம்பி வந்து, சாமிநாதன் எதிரில் நின்று சுவரை இடிக்கச் சொன்னது.

சாமிநாதன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கலெக்டர் கூடத்துக்கு வந்துவிடுவார், ‘பொதுமக்கள் பயன்பாட்டுக்கு ஏற்றது’ என்று மேற்பார்வைப் பொறியாளரான அவள் கையெழுத்துப் போட்டால் கிருத்திகைக்குத் திறந்துவிடலாம் என்று நிதானமாகச் சொல்லி, பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நகர்த்தினார். தான் இருபத்தைந்து வருஷ சர்வீசில் ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை என்றார். அது உண்மை. ஊருக்கே தெரியும்.

“வாங்கியிருந்தா உங்க மேல பெட்டிஷன் போட்டிருப்பேன் சார். பயத்து மேல எங்க போய்ப் பெட்டிஷன் போடறது?”

“புதுசா ஒண்ணு கட்டி, அதுல ஒரு விரிசல் விட்டா யாரைக் கேப்பாங்க தெரியுமா? என்னை. மாதிரிப் படத்துல கட்டினா யாரையும் கேக்க மாட்டாங்க.”

“நாலு பேர் செத்தாலும் கேக்க மாட்டாங்களா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மலைக்கு மேல் ஆடி மேகம் கறுத்து இறங்கியிருந்தது. காற்று இல்லை. எதற்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஊர் அசையாமல் இருந்தது. “கும்பல்னா அப்படித்தாம்மா. முருகன் பார்த்துப்பான்,” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

“முருகன் வாசல் வைக்கலை சார். நாம வெச்சோம்.”

அம்சா பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

“ஒரு ஊருக்குக் கட்டறவங்க, அந்த ஊர் ஜனம் எப்படி நடக்குது, எதைத் தோள்ல சுமந்துகினு வருதுன்னு பார்த்துக் கட்டணும். புதுசா யோசிக்கத் துணிச்சல் இல்லாதவங்க பொதுக் கட்டடத்துல கை வைக்கவே கூடாது சார். திருடறவன் பொருளைத்தான் எடுத்துக்கினு போறான். பயந்தவன் ஊரோட வழியையே அடைச்சுட்டுப் போயிடறான்.”

கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இருக்காது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் சுருட்டி வைத்திருந்த தன் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பாய் பலகையிலிருந்து தலையைத் தூக்கினார். “கேட்டுட்டியா?”

“ஆங், கேட்டுட்டேன் பாய்.”

“அப்ப?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பஜார் முனையில் சிங்காரம் நின்றிருந்தார். தோளில் பூவும் பாலும் இல்லாத வெறும் மூங்கில் காவடி. அவருக்குப் பின்னால் நெசவுத் தெருவே தங்கள் தங்கள் காவடிகளைத் தூக்கிக்கொண்டு, மேளமில்லாமல், அரோகரா இல்லாமல், வரிசையாக நின்றது.

தூரத்தில் கலெக்டரின் ஜீப் அடிவாரத்துக்குத் திரும்புகிற சத்தம் கேட்டது. அங்கே காவடி நுழையாத அந்த வாசல், கலெக்டர் பார்ப்பதற்காகத் திறந்து கிடந்தது. அம்சா முன்னால் நடந்தாள்.