இரண்டு மணிச் சாவி

மதியம் சரியாக இரண்டு மணிக்கு எங்கள் சலவைப் பிரிவில் ஒரு சாவி கைமாறும்.

மருத்துவமனையின் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்து, தேய்த்து, கிழிந்ததைத் தைத்து மாடிக்கு அனுப்புவது எங்கள் வேலை. தையலக்காவுக்குக் காலை ஷிப்ட். அவர் கணவர் இஸ்திரி அண்ணனுக்கு மதிய ஷிப்ட்; இரவு அவர் வந்து தட்டும்போது அக்கா பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்துவிடுவார். வீட்டுக்கு ஒரே சாவி. உள்ளே நுழைந்ததும் அண்ணன் அதை அக்காவின் கையில் வைப்பார்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன்."

"சரிங்க."

அன்றைய இல்லறம் அத்துடன் முடிந்தது.

நான் மேற்பார்வையாளராகி நான்கு மாதம். யாருக்கு எந்த ஷிப்ட் என்று முடிவு செய்வது கணினியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. "மாப்பிள்ளை சொன்னா யாரு எதிர்த்துப் பேசறது?" என்று சிரிப்பார்கள். நான்கு மாதத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முழு வருடத்துக்கான அட்டவணையை உறுதி செய்ய வேண்டும். அதன்பின் ஒரு வருடத்துக்கு யாரும் கை வைக்க முடியாது.

காலையில் மாடியிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. பன்னிரண்டு தலையணை உறைகள். எல்லாவற்றிலும் நான்கு பக்கமும் தையல்.

"ஏன்க்கா, தலையணையை எந்த வழியா நுழைக்கிறது?"

தையலக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "மனசு இங்க இல்ல மேடம். நேத்து எங்க கல்யாண நாள். இருபது வருஷம். மேஜையில 'வாழ்த்துகள்'னு ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தாரு. நான் அதுக்குக் கீழ 'உங்களுக்கும்'னு எழுதிட்டுப் படுத்துட்டேன்."

"ஒரே ஷிப்ட் கேட்கலாமே?"

"பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயி ஒரு வருஷமாச்சு. அவரு ஒரு வார்த்தை பேசல. அவருக்கு இதான் பிடிச்சிருக்குபோல. நான் போய்க் கெஞ்சணுமா?"

இவர்களுக்கு ஏன் வெவ்வேறு ஷிப்ட் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். பணிவாகப் பதில் வந்தது: 'இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தது. வெவ்வேறு ஷிப்ட் தேவை. காரணம், வீட்டில் எட்டு வயதுக் குழந்தை. விண்ணப்பம் திரும்பப் பெறப்படவில்லை. ஒருநாளும் தவறாமல் பின்பற்றப்படுகிறது.'

தேதி பத்து வருடம் பழையது. பழைய கோப்புகளோடு அதையும் ஏற்றியிருந்தார்கள். குழந்தை வளர்ந்துவிட்டாள் என்று மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அதைக் குறை சொல்லி என்ன பயன்? தினமும் இரண்டு மணிக்கு அந்தச் சாவியைப் பார்த்தபடி டீ குடித்தவள் நான்தான். புகார் இல்லையென்றால் குறையும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு அண்ணன் சாவியை நீட்டும்போதே இருவரையும் நிறுத்தினேன். "இப்படித் தனித்தனி ஷிப்ட் யாருக்கு வேணும்?"

"அவளுக்குத்தான்."

"அவருக்குத்தான்."

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

"எனக்கா? இப்பவும் வேணும்னு நான் எப்ப சொன்னேன்?" என்றார் அக்கா.

"பொண்ணு போனதும் நீயே மாத்தச் சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்லவே இல்ல. உனக்கு இதுதான் வசதின்னு விட்டுட்டேன்."

"நானும் நீங்க சொல்லுவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்!"

"எப்ப பார்த்த? இந்த ரெண்டு நிமிஷத்துலயா?"

துவைக்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "உறையை மட்டுமா தைச்சிருக்கு? ரெண்டு பேரு வாயையும் சேர்த்தே தைச்சிருக்கு அக்கா!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பழைய விண்ணப்பத்தை நீக்க மாப்பிள்ளை ஒரு புகார் கேட்டது. 'மேற்பார்வையாளர் விசாரிக்கத் தவறிவிட்டார்' என்று எழுதி, என் பெயரையே போட்டேன். வெள்ளை விரிப்பு மாதிரி இருந்த என் பதிவேட்டில் முதல் கறை. அரை நிமிடத்தில் புது அட்டவணை தயார். மதிய ஷிப்டுக்கு வர விரும்பிய ஒருவரையும் அதுவே தேடி வைத்திருந்தது. எல்லாவற்றையும் சரிபார்த்து உறுதி செய்தபோது மணி நான்கே முக்கால்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினார்கள், ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டபடி. இரண்டு மணிக்குச் சேர்ந்தே கிளம்பினார்கள். அன்று எந்தச் சாவியும் கைமாறவில்லை.

மூன்று மணிக்கு என் தொலைபேசி அடித்தது. இஸ்திரி அண்ணன்.

"மேடம், நம்ம மெஷினைப் பார்க்கிற மெக்கானிக் இருக்காரா? எங்க வீட்டுப் பூட்டைத் திறக்கணும். இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கிற கதவு. சாவி அவகிட்ட இருக்குன்னு நான் நெனச்சேன், எங்கிட்ட இருக்குன்னு அவ நெனச்சா. அது உள்ள மேஜை மேல கிடக்கு."

பின்னால் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"இப்பவே அனுப்பறேன் அண்ணே. எங்க நிக்கிறீங்க?"

"வாசப்படியில உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கோம்" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவசரம் ஒண்ணுமில்ல மேடம். மெதுவாவே வரச் சொல்லுங்க."