ஒரே கட்டடத்துக்கு இரண்டு தூரம்

தயாளினிக்குக் குமட்டியது. கணினித் திரையைப் பார்த்து யாருக்காவது குமட்டுமா என்று கேட்காதீர்கள். கலாநிதி கேதீஸ்வரன் செய்த வேலையைப் பார்த்தால் உங்களுக்கும் குமட்டும்.

வெங்காய விளைச்சலைக் கூட்டுவது வங்கிக் கடனா, உரமா? இதுதான் அவரும் தற்காலிக விரிவுரையாளரான தயாளினியும் சேர்ந்து செய்த ஆய்வு. கெட்டிக்கார விவசாயி இரண்டையுமே கூடுதலாக எடுப்பான். விளைச்சல் கூடியது கடனாலா, உரத்தாலா, அவனுடைய கெட்டித்தனத்தாலா என்று பிரிப்பது கஷ்டம். அவன் கெட்டித்தனத்தோடு சம்பந்தமில்லாமல் கடனைக் கூட்டிக் குறைக்கிற வெளிக்காரணம் ஒன்று வேண்டும். உரத்துக்கு வேறொன்று வேண்டும். கருவி மாறிகள் என்பார்கள். இரண்டு சிக்கலுக்கு ஒரு கருவி போதாது. இதைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்துக்குப் படிப்பிப்பதே இந்தக் கேதீஸ்வரன்தான்.

கடனுக்கு விவசாயியின் வீட்டிலிருந்து வங்கியின் தூரம், உரத்துக்கு உரக்கடையின் தூரம் என்று எடுத்திருந்தார். தயாளினி அந்த விவசாயிகளின் ஊரான கொடிகாமம் போய்ப் பார்த்தாள். கீழே உரக்கடை, மேலே வங்கி.

"சேர், ரெண்டும் ஒரே கட்டடம். எங்களிட்டை இருக்கிறது ஒரு கருவிதான். பிரிக்கேலாது."

கேதீஸ்வரன் பல்லைக் குத்தியபடி சிரித்தார். "உதுக்கென்ன பிள்ளை? ஒண்டை றோட்டாலை அள. மற்றதை நேர்கோட்டிலை அள. ரெண்டு தூரம் வந்திடும்."

ஒரே மாட்டை முன்னால் நின்றும் பின்னால் நின்றும் எண்ணி, இரண்டு மாடு என்று விற்கிற வேலை. வெட்கங்கெட்ட மனிதர் அதையே செய்து, கடன்தான் காரணம், உரத்தால் பயனில்லை என்று முடிவும் எழுதிவிட்டார். கட்டுரையில் தயாளினியின் பெயரும் இருந்தது. அது இல்லாவிட்டால் அவளுக்கு நிரந்தர விரிவுரையாளர் நியமனம் கிடைக்காது.

கட்டுரையை வாசித்த கருத்தரங்கில் முன்வரிசையில் இருந்தவர் பேராசிரியர் செல்வநாயகம். நியமனக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

"ரெண்டு கருவியையும் எப்பிடித் தெரிவு செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"தயாளினி சொல்லுவா," என்று கேதீஸ்வரன் ஒலிவாங்கியை அவளிடம் தள்ளிவிட்டார்.

அவள் அதை எடுத்தாள். வேலை போகப்போகிறது என்று தெரிந்தே வாயைத் திறந்தாள்.

"ரெண்டு கருவி இல்லை சேர். கடைக்கு மேலைதான் வங்கி. ஒரே தூரத்தை ரெண்டு விதமா அளந்திருக்கிறம். உந்த முடிவை நம்பாதேங்கோ. என்ரை பேரையும் எடுத்துவிடுங்கோ."

செல்வநாயகம் எழுந்து அவளைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்.

"நேர்மையான பிள்ளை," என்றார். பிறகு கேதீஸ்வரன் பக்கம் திரும்பினார். "அந்தக் கட்டடக் கதையை மட்டும் எழுதாமல் விடுங்கோ. மற்றும்படி நல்ல கட்டுரை."

எல்லோரும் கை தட்டினார்கள்.