மரத்துப் போகாத கை

அறுவை மருத்துவர் டெஸ்மண்ட் கத்தியைக் கையில் எடுத்தால் வாயையும் திறந்துவிடுவார். மேஜையில் கிடப்பவருக்குத்தான் காது கேட்காதே!

அன்று கிடந்தவள் நோலீன். கரும்பாலைக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் பருத்த உடம்புக்காரி. பித்தப்பையில் கல்.

"டார்ச்சும் கயிறும் குடுங்கப்பா, உள்ள இறங்கித் தேடணும். கடையில வித்த லாமிங்டன் கேக்கைவிட இங்க ஸ்டாக் ஜாஸ்தி!"

நர்சுகள் சிரித்தார்கள். மயக்க மருத்துவர் இமோஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மயங்கிக் கிடப்பவளைப் பார்த்துப் பல்லிளிக்கிறவனெல்லாம் ஒரு மனுஷனா? இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த தன்மேல் அதைவிடக் கோபம் வந்தது.

உடம்பைத் தளர்த்தும் மருந்து ஏறிவிட்டால், உள்ளே ஆள் விழித்துக்கொண்டாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. அதனால் அதற்கு முன்பே இமோஜன் நோயாளியின் ஒரு கையில் ரத்தம் ஓடாதபடி பட்டையை இறுக்கிவிடுவாள். அந்தக் கைக்கு மட்டும் மருந்து போகாது; விரல்கள் அசையும். அதைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

"ஜோசியக்காரி கைரேகை பாக்க உக்காந்துட்டா," என்றார் டெஸ்மண்ட்.

இமோஜன் குனிந்தாள். "நோலீன், நான் பேசுறது கேட்டா கையை அழுத்துங்க."

மூளையைக் கவனிக்கும் திரை ஆழ்ந்த மயக்கம் என்றுதான் காட்டியது. விரல்கள் அழுத்தின.

இமோஜன் அவள் காதருகே போனாள். "வலிச்சா ரெண்டு தடவை அழுத்துங்க." அசைவில்லை. "டாக்டர் பேசினது கேட்டுச்சா?"

எலும்பு நோக அழுத்தியது அந்தக் கை.

இமோஜன் அவசரமாக மயக்க மருந்தைக் கூட்டினாள். "டெஸ்மண்ட், வாயை மூடு. அவங்களுக்குக் கேட்டுச்சு."

"திரையைப் பாரு தாயி. அப்படியே கேட்டாலும் எந்திரிச்சா ஞாபகம் இருக்கவா போகுது? அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம்?"

விழிப்பை அணைக்கத் தவறினாலும் மயக்க மருந்து ஞாபகத்தைத் துடைத்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை பேச்சும்.

கண்விழிக்கும் அறையில் டெஸ்மண்ட் நோலீனின் தோளைத் தட்டினார். "நல்ல தூக்கமா?" குரலில் தேன் வழிந்தது.

"கண்ணை மூடினேன், திறந்தேன் டாக்டர். ஒண்ணுமே தெரியல. உங்களுக்கு ஒரு பெட்டி லாமிங்டன் குடுத்தனுப்புறேன்."

டெஸ்மண்ட் இமோஜனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் நோலீனின் கையைப் பிடித்தாள்.

"நடுவுல கொஞ்ச நேரம் முழிச்சிருந்தீங்க நோலீன். வலி இல்ல, கேட்டுப் பாத்தேன். ஆனா இவங்க பேசினது உங்க காதுல விழுந்துச்சு. உங்க கைதான் சொல்லுச்சு."

"அய்யோ, நிஜமாவா? என்ன பேசினாங்க?"

"பேசினது டாக்டர். அவரே சொல்லட்டும்."

டெஸ்மண்ட் கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார். லாமிங்டன் தருவதாகச் சொன்ன அதே சிரிப்போடு நோலீன் அவரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க டாக்டர்."