சிவானி ஓட்டும் பேருந்து

...பார்த்தேன், கண்டிப்பாகப் பார்த்தேன், இத்தனை வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவன் உள்கண்ணாடியைப் பார்க்காமலா வண்டியை எடுப்பான், நல்ல கதையாக இருக்கிறதே என்று சரத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் மகள் சிவானி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீங்க கார்டு தட்டலை. இறங்குங்க, மறுபடி ஏறுங்க." இறங்கினான், வேறென்ன செய்வது, முதலாம் வகுப்புப் படிக்கிற முதலாளி, சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். சிங்கப்பூர் ஆங் மோ கியோ வீட்டின் வரவேற்பறையில் சாப்பாட்டு மேசை நாற்காலிகளை எல்லாம் வரிசையாக நிறுத்தி, முன் நாற்காலியில் இட்லிப் பானை மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், எதிரே ஜன்னல் கம்பியில் அம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். சரத் தன் பர்ஸை எடுத்து அலமாரி ஓரத்தில் தட்டினான். டீட், என்றாள். "உள்ள போங்க லா அங்கிள், பின்னாடி எடம் இருக்கு." அந்தச் சலிப்பு, அந்த இழுப்பு, அப்படியே அவனுடையது. பள்ளி விடுமுறையில் மனைவி நிரஞ்சனா இவளை அழைத்துக்கொண்டு அவன் பேருந்தில் ஏறுவாள், முன் இருக்கையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வரும், வேடிக்கை பார்க்கிறது என்றுதான் நினைத்தான், குழந்தை பாடம் படித்துக்கொண்டு வந்திருக்கிறது.

பின்னால் போய் நின்றான், உட்காரத் தோன்றவில்லை, காலையிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை, மின்விசிறியைத் துடைத்தாயிற்று, காலணியைக் கழுவிக் காயப் போட்டாயிற்று, கைபேசியை எடுத்து எடுத்து வைத்தாயிற்று, டிப்போ மேற்பார்வையாளர் ஸைஃப் அண்ணன் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா, இல்லை, ஞாயிற்றுக்கிழமை யார் அனுப்புவார்கள், திங்கள் காலை நேரில் வா, கம்பெனிப் பெரியவர்கள் முன்னால் நடந்ததை ஒரு தடவை சொல்லிவிட்டுப் போ என்று விபத்தன்றே சொல்லிவிட்டாரே. போன வியாழக்கிழமை, தேக்கா சந்தைக்குப் பக்கத்து நிறுத்தம். அந்தச் சீன ஆன்ட்டி தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு ஏறினாள், கார்டைத் தட்டினாள், அவனைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்தாளா, இல்லை, அதற்குப் பிறகு அவன் சேர்த்துக்கொண்டதா அந்தச் சிரிப்பு... கதவை மூடினான், எடுத்தான், தடாலென்று ஒரு சத்தம், பைதான் விழுந்தது என்று நினைத்தான், பின்னால் யாரோ கத்தினார்கள், திரும்பினால் கீரைக்கட்டும் மீனும் வண்டியின் நடைவழி முழுக்கச் சிதறிக் கிடக்க, அதற்கு நடுவே அவள், எழுந்திருக்க முடியாமல் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்றார்கள். "கண்ணாடி பார்த்துட்டுத்தானே எடுத்தே?" என்று ஸைஃப் கேட்டார். "பார்த்தேண்ணே." கேட்டு முடிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. பார்க்கவில்லை என்றால் வண்டி போயிற்று, இந்த வேலை போயிற்று, பார்த்தான் என்றால் ஆன்ட்டி கம்பியைப் பிடிக்கவில்லை, அவள் கவனம் இல்லை, விஷயம் முடிந்தது. வண்டிக்குள் காமிரா இருக்கிறது, இருக்கட்டும், அதில் விழுந்தவள் தெரிவாள், அவன் முதுகு தெரியும், கண் எங்கே போயிற்று என்று அதற்கு எப்படித் தெரியும். நிரஞ்சனாவும் நேற்றிலிருந்து அதையேதான் சொல்கிறாள், "நீங்க பாட்டுக்குப் பார்த்தேன்னு சொல்லிட்டு வாங்க லா, ஏன் இப்படி முழிக்கிறீங்க?" முழிக்கவில்லை. பார்த்தான்தானே. ஆன்ட்டியின் முகம் கண்ணாடிக்குள் இருந்தது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது, வாய் திறந்திருந்தது, எதற்காகத் திறந்திருந்தது...

"டோர் க்ளோசிங்!" என்று கூவி, சிவானி இல்லாத ஒரு பொத்தானை அழுத்தினாள், காலால் தரையை மிதித்தாள், வ்ர்ரூம் என்றாள், பிறகு தாடையைத் தூக்கி, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, பவுடர் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். சரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தப் புருவம், கல்யாண வீடியோவில்கூட அவனுக்கு அப்படித்தான் ஏறி நிற்கும். சிரித்துக்கொண்டே இருந்தவன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சிவானி, இன்னொரு தடவை எடு மா, என்றான். அவள் எடுத்தாள். பொத்தான், கால், வ்ர்ரூம், அதற்கப்புறம் தாடை. இன்னொரு தடவை. பொத்தான், கால், வ்ர்ரூம், தாடை. "மொதல்ல கண்ணாடி பாக்கணும்டா, அப்புறம்தான் எடுக்கணும்." அவள் இட்லி மூடியை மடியில் வைத்துவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "இல்லப்பா. யூ ஆல்வேஸ் டூ லைக் திஸ்." குழந்தைக்கு என்ன தெரியும், விளையாட்டு, ஒன்றை முன்னால் வைக்கும், ஒன்றைப் பின்னால் வைக்கும், அதைப் போய்... ஆனால் பொத்தானை எந்த விரலால் அழுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, எந்தப் புருவம் என்று தெரிந்திருக்கிறது, இது ஒன்றை மட்டும் மாற்றி வைத்திருப்பாளா? நீ கொஞ்சம் எழுந்திரு, அப்பா ஓட்டுறேன் என்று அவளை நகர்த்திவிட்டு முன் நாற்காலியில் உட்கார்ந்தான், கண்ணை மூடினான், யோசிக்காதே, கையும் காலும் தானாகச் செய்யட்டும், ஜாலான் புசார் நிறுத்தம் என்று வைத்துக்கொள், ஆள் ஏறியாயிற்று, கதவு, பிரேக், கால்... காலுக்கு முன்பே தாடை உயர்ந்தது. நிம்மதியாக மூச்சு விட்டான். அது தானாக வந்ததா, அவன் கொண்டுவந்தானா? திரும்பச் செய்தான், இந்தத் தடவை காலும் தாடையும் ஒன்றாகப் போயின, மறுபடி செய்தால் கை எங்கே வைப்பது என்றே மறந்துவிட்டது. கேள்வி கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் உடம்பும் நடிக்கத் தொடங்கிவிடுகிறது, திருட்டுப் பயல். "அங்கிள், டிரைவர் சீட்ல உக்காரக் கூடாது" என்று அவன் முதுகில் குத்து விழுந்தது.

எழுந்து இடம் விட்டான். சமையலறையிலிருந்து நிரஞ்சனா தேநீரோடு வந்தாள், அப்பாவும் மகளும் இப்படியே நாள் முழுக்க ஊர் சுற்றுங்கள், எனக்கும் ஒரு இடம் கொடுங்கள் என்று சிரித்துக்கொண்டே அலமாரியில் கையைத் தட்டி டீட் என்றாள். நடு நாற்காலிக்கு வந்து, ஒரு கையில் கோப்பையோடு, மறு கையால் நாற்காலியைத் தேடிக்கொண்டு, இன்னும் உட்காரவில்லை, பாதி குனிந்திருக்கிறாள், அதற்குள் பொத்தான், கால், வ்ர்ரூம், தாடை. நாற்காலி அசையக்கூட இல்லை, அது எப்படி அசையும், ஆனால் சரத் பாய்ந்து நிரஞ்சனாவின் தோளைப் பிடித்தான். "நிறுத்து!" அவன் குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். தேநீர் அவன் கையில் கொட்டியது, சுட்டது. என்னங்க ஆச்சு உங்களுக்கு, என்றாள் நிரஞ்சனா. சிவானி மூடியைப் பிடித்தபடி திரும்பினாள், உதடு பிதுங்கியது. "பார்த்தேன்பா. அம்மாவைக் கண்ணாடியில பார்த்தேன்." சும்மா சொல்லாதே என்று அதட்ட வாயெடுத்தான், முடியவில்லை. "ஐ ரியலி லுக், பா!" கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, அவள் பொய் சொல்லவில்லை, பார்த்தாள், அவனும்தான் கண்ணால் கண்டானே, தாடை உயர்ந்ததை, புருவம் ஏறியதை, காலை மிதித்த பிறகு.

தெரியும்டா, நீ பார்த்தே, என்று அவள் தலையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டான். இத்தனை நாளும் பொய் சொல்லிவிட்டோமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தான், பொய்யாக இருந்தால் தேவலை என்று இப்போது தோன்றியது, பொய் ஒரு நாளோடு போயிருக்கும். இந்தப் பழக்கம் எத்தனை வருடம்? எத்தனை நிறுத்தம், எத்தனை பேர் பாதி குனிந்தபடி... அவர்கள் விழவில்லை, அவ்வளவுதான். கையைத் தண்ணீரில் காட்டுங்கள் என்று நிரஞ்சனா இழுத்தாள், அவன் அசையாமல் நின்றான். நாளைக்குக் கேட்பார்கள். பார்த்தாயா என்றுதான் கேட்பார்கள், பார்த்தேன் என்று சொன்னால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எப்போது பார்த்தாய் என்று கேட்க யாருக்கும் தோன்றாது, அவனாக வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.